சொல்லாதே என்று சொல்லவில்லை

முதல் சனிக்கிழமை குப்புசாமி அவளை வாசலைத் தாண்டவே விடவில்லை.

“யாரு உன்னைய அனுப்புனது?”

“காலேஜ்ல இருந்து வாரேனுங்க தாத்தா. தனியா இருக்கிற பெரியவங்கள வாராவாரம் பார்த்துட்டுப் போறதுக்கு…”

“தாத்தாவா? நான் உங்கப்பனைப் பெத்தனா, உங்காத்தாளைப் பெத்தனா?”

சுசித்ரா கையிலிருந்த ரொட்டிப் பாக்கெட்டை நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து, வேலியோரம் படுத்திருந்த நாய்க்குப் போட்டார். நாய் தின்று முடிக்கும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள்.

“பார்த்தாச்சில்ல? கெளம்பு.”

சேந்தமங்கலத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருந்தாள். வரும் வழியில் இரண்டு முறை வாந்தி. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். இரக்கத்தில் வந்த அழுகை அல்ல, ஆத்திரத்தில் வந்தது.

அவளுக்கு இருபது வயது. அப்பா போர்வெல் போடும் லாரியில் வடக்கே போனால் வருஷத்துக்கு இரண்டு முறைதான் ஊர் திரும்புவார். வீட்டில் அக்காவின் பேச்சுக்கும் தம்பியின் பிடிவாதத்துக்கும் நடுவே அவள் வாயைத் திறந்தால், பாதியில் யாராவது எழுந்து போய்விடுவார்கள். கல்லூரியின் தொண்டர் குழுவில் அவள் சேர்ந்தது சர்டிபிகேட்டுக்காக. இருபத்து நான்கு சனிக்கிழமைகள் போய் வந்தால் கிடைக்கும். குழுவுக்குப் பொறுப்பான கவிதா மேடம் கொடுத்த கையேட்டின் முதல் பக்கத்தில், இதனால் இளைஞர்கள் பெறும் பயன்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பொறுமை, இரக்கம், தன்னம்பிக்கை, இன்னும் என்னென்னவோ.

வேறு ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது கவிதா மேடம் சிரித்தார்.

“கஷ்டமான ஆள் கிடைச்சாத்தாம்மா ரிப்போர்ட் நல்லா வரும்.”

நாலாவது வாரம்தான் அவள் உள்ளே போனாள். அதுவும் அவர் அழைத்து அல்ல. குப்புசாமிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதக்கணக்கில், நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து விடவேண்டும். அவராக அண்ணாந்து விட்டுக்கொண்டால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் அவர் கையிலிருந்த குப்பியை வாங்கி, இமையை விரலால் பிரித்து, ஒரு சொட்டு விட்டாள்.

“கையி நடுங்குது பாரு. கண்ணைக் குத்திப்புடாத.”

“இல்லீங்க.”

“பேசாத. மேல எச்சி தெறிக்குது.”

இப்படித்தான் வாரங்கள் போயின. அவர் திட்டுவார், அவள் மருந்து விடுவாள். தாத்தா என்பதை விட்டுவிட்டு ‘ஏனுங்க’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். அவர் மனைவி சென்னம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன் தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தவர் என்பதும், ஒரே மகள் கலைமணி முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள் என்பதும், மாதத்தின் முதல் ஞாயிறு சாமான் வாங்கிக்கொண்டு தவறாமல் மேலே வருவாள் என்பதும் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்தது. மகளைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் குப்புசாமியின் குரலில் சிடுசிடுப்பு இருக்காது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. சுசித்ரா தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். குப்புசாமி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் ஆரம்பித்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“அன்னிக்கும் இதே மாதிரிதான் மோடம் போட்டுச்சு. களம் பூராவும் மொளகு. நீலத் தார்ப்பாயில காயப் போட்டிருந்தது. மத்தியானம் சென்னம்மா வந்து, நெஞ்சு அடைக்குது, இடது கையி கடுக்குதுன்னா. ரெண்டு மணி பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னா. மொளகு நனைஞ்சா ஒரு வருசப் பாடு போச்சு, மொதல்ல இதை அள்ளு, நாளைக்குப் போலாமுன்னு சத்தம் போட்டேன். அள்ளுனா. அத்தனையும் அவதான் அள்ளுனா. ரெண்டு மணி பஸ்ஸு போற சத்தம் கேட்டுச்சு. அவளும் கேட்டா, நானும் கேட்டேன். விடியறதுக்குள்ள போயிட்டா.”

மழை சற்று விட்டதும், மரத்தை அறுத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் இறங்கும் வழியெல்லாம் அவளுக்குள் ஒரு படபடப்பு. துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. தன்னிடம் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார், தன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்கிற பெருமிதம் அது.

மார்கழியில் குழுவின் ஆண்டு விழா வந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘பெரியவர்களைச் சந்தித்ததில் நான் பெற்றது’. மற்றவர்கள் கையேட்டிலிருந்த பொறுமையையும் இரக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். சுசித்ராவிடம் வேறொன்று இருந்தது. ஒத்திகையில் அதைச் சொன்னதும் கவிதா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுதாம்மா வேணும். பேரு மட்டும் சொல்லாத.”

பெரியவர்களை மலையிலிருந்து வேனில் அழைத்து வந்தார்கள். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த குப்புசாமியை வரவழைத்ததும் சுசித்ராதான். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். முன் வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தினார்கள்.

அவள் மேடையேறினாள். பேரைச் சொல்லவில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டுக் கிராமம் ஒன்றில் ஓர் ஐயா என்றுதான் ஆரம்பித்தாள். மோடம், நீலத் தார்ப்பாய், இடது கை, இரண்டு மணி பஸ்ஸின் சத்தம். ஒன்றையும் விடவில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தானாக வந்தது. மண்டபத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“நேசிக்கிறவங்களோட வலிய நாளைக்குன்னு தள்ளிப் போடக் கூடாது. நான் பெற்றது இதுதான்” என்று முடித்ததும் கைதட்டல் எழுந்தது. சிரித்தபடி முன் வரிசையைப் பார்த்தாள். குப்புசாமி அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வரிசையில், ஆலைக்குப் போட்டுப்போகும் சட்டையை இன்னும் சேலைக்கு மேலிருந்து கழற்றாத ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்க ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடிவந்த கலைமணி.

அவள் அப்பாவை ஒரு முறை பார்த்தாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

குப்புசாமி பொன்னாடையை எடுத்து நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, வேனுக்கு நடந்தார். சுசித்ராவின் கையில் முதல் பரிசுக் கோப்பையைத் திணித்து போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் மேலே போனபோது அவர் களத்தில் நின்றிருந்தார்.

“என்ற புள்ள போனை எடுக்க மாட்டேங்குது” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “தூக்கத்துல போயிட்டான்னுதான் அதுகிட்டச் சொல்லியிருந்தேன். ரெண்டு வருசமா அதைத்தான் நம்பிட்டு இருந்துச்சு.”

“அவங்க வந்தது எனக்குத் தெரியாதுங்க.”

“வராட்டிச் சொல்லலாமா?”

பயத்தில் அவளுக்கு வாயில் வந்தது வந்துவிட்டது. “சொல்லாதேன்னு நீங்க சொல்லலையேங்க…”

குப்புசாமி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“ஊட்டுக்குள்ள வந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறவளப் பார்த்து, சொம்பத் தூக்கிட்டுப் போயிராதேன்னு சொல்லிட்டுத்தான் தண்ணி குடுப்பாங்களா?”

அவள் தலை குனிந்தாள்.

“நேராப் போ. என்ற புள்ளைகிட்டப் போயி, அத்தனையும் பொய்யி, பரிசு வாங்கறதுக்கு நானே இட்டுக்கட்டுனேன்னு சொல்லு. சொல்லிட்டு வா. இல்லாட்டி இந்தப் பக்கம் தலை காட்டாத.”

திங்கட்கிழமை கவிதா மேடம் அவளைக் கூப்பிட்டு, கல்லூரி மலரில் அந்தப் பேச்சை அச்சிடப் போவதாகச் சொன்னார்.

“வேண்டாங்க மேடம்.”

“பேரு போடலையேம்மா.”

“பேரு இல்லாட்டியும் அது அவருதுங்க. என்னுது இல்லை.”

மேடத்தின் முகம் மாறியது. இவ்வளவு நாள் வளர்த்துவிட்டதற்கு இதுதானா என்றார். இப்படிச் சண்டித்தனம் செய்தால் சர்டிபிகேட்டைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த சுசித்ராவுக்குத் திரும்பிப் போய்ச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்குறிச்சிக்குப் போனாள். ஆலைப் பக்கமிருந்து புளித்த மாவு வாடை தெருவெல்லாம் அடித்தது. கலைமணி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று பார்த்ததும் கையிலிருந்த சேலையைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

“எதுக்கு வந்த?”

“அன்னிக்கு மேடையில சொன்னது பொய்யிங்க அக்கா. பரிசுக்காக நானே இட்டுக்கட்டுனது. ஐயா அப்படி எதுவும் சொல்லல.”

“அவரு சொல்லி அனுப்புனாரா?”

“இல்லீங்க. நானாத்தான்…”

“நீலத் தார்ப்பாயின்னு சொன்னியே. அது நான் சந்தையில வாங்கிக் குடுத்தது. அம்மா செத்த அடுத்த வாரமே அவரு அதைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுட்டாரு. எதுக்குக் கிழிச்சீங்கன்னு கேட்டேன், எலி கடிச்சிருச்சுன்னாரு. அதுக்கப்பறம் மலையேறுன உனக்கு அந்தக் கலரு எப்படித் தெரியும்?”

கலைமணி ஈரக் கையோடு எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று சுசித்ரா நினைத்தாள். வந்தவள் பக்கத்தில் நின்று, தெருவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“அன்னிக்கு ஒரு மணிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. நெஞ்சு அடைக்குது கண்ணு, அப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னாக் கேப்பாருன்னுச்சு. நான் ஷிப்ட்ல இருந்தேன். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னாரு. வாயுவா இருக்கும், பூண்டைச் சுட்டுத் தின்னும்மான்னு வெச்சுட்டேன். அவரு பஸ்ஸை உட்டாரு, நான் போனை வெச்சேன். அவருக்கு இது தெரியாது. இது தெரியாத அவரு மூஞ்சியப் பார்க்கறதே எனக்குப் பாரம். இப்ப அவரும் ஒளிச்சு வெச்சிருந்தாருன்னு தெரிஞ்சதும்…” சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள். முகம் இறுகியது. “போ. இதையும் போயி மேடையில சொல்லு. இன்னொரு கப்பு குடுப்பாங்க.”

அந்த வாரம் முழுக்க சுசித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வரி சொன்னால் போதும். உங்கள் மகளுக்கும் அன்றைக்குத் தெரியும் என்று சொன்னால் கிழவரின் பாரம் பாதி இறங்கிவிடும். அவர் தன்னைத் திட்டுவதும் நின்றுவிடும். சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை பஸ் ஏறினாள். நாற்பதாவது வளைவு வரைக்கும் அந்த நினைப்பில்தான் இருந்தாள். பிறகு, சொன்னால் யாருக்கு முதலில் நிம்மதி என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தனக்குத்தான் என்று பட்டது.

குப்புசாமி வாசலிலேயே காத்திருந்தார்.

“சொன்னியா?”

“பொய்யின்னு சொன்னேனுங்க. அவங்க நம்பலை.”

“வேற என்ன சொல்லுச்சு?”

“அதைச் சொல்லமாட்டேனுங்க.”

“என்னது?”

“அவங்க எங்கிட்டச் சொன்னதை நான் சொல்லமாட்டேன். நீங்க கேட்டுக்குங்க.”

“ஊரைக் கூட்டி வெச்சு என்ற மானத்தை வாங்குன வாயி, இன்னிக்குப் பூட்டுப் போட்டுக்குச்சா?” கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை வீசினார். அது அவள் கணுக்காலில் பட்டுத் தெறித்து உருண்டது. “எம்மேல காறித் துப்புச்சா? செத்தாலும் வரமாட்டேன்னுச்சா? சொல்லித் தொலை!”

அவள் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கால் வலித்தது. சொல்லவில்லை.

மூன்று வாரம் இப்படியே நடந்தது. சனிக்கிழமை மேலே போய்க் கிழவரிடம் வசவு வாங்குவாள். ஒரு வாரம் அவர் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, மருந்தைத் தானே கன்னத்தில் ஊற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கீழே முள்ளுக்குறிச்சியில் மகளிடம் வாங்குவாள். இரண்டு பேருக்கும் அவள் வேண்டாதவள். வீட்டில் அக்கா, உனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். சர்டிபிகேட் கிடையாது என்று கவிதா மேடமும் சொல்லிவிட்டார். இதற்கு முன் யாராவது முகம் சுளித்தால் ஒரு வாரம் தூங்காதவள்தான் சுசித்ரா. இப்போது இரண்டு பேர் அவளை முழுமனதாக வெறுத்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டும் மறுநாள் பஸ் ஏற முடிகிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கையேட்டுப் பட்டியலில் இதற்குப் பேர் இல்லை.

மூன்றாவது ஞாயிறு கலைமணி கதவைச் சாத்தாமல் நின்று கேட்டாள்.

“அவருகிட்டச் சொல்லிட்டியா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“நீங்கதான் சொல்லணும்.”

“பொய்யி. இந்நேரம் சொல்லியிருப்ப.” அவளையே உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கோபம் கூடியது. “அடிப்பாவி, நீ சொல்லிருவீன்னு நெனச்சுத்தாண்டி உங்கிட்டச் சொன்னேன்! நீ சொல்லியிருந்தா எனக்கு வேலை மிச்சம்.”

“தெரியுமுங்க அக்கா.”

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

தை மாதம் பிறந்து மிளகு பறிப்பு ஆரம்பித்திருந்தது. அடுத்த சனிக்கிழமை சேந்தமங்கலத்தில் சுசித்ரா பஸ் ஏறியபோது, பின் சீட்டில் கலைமணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தும், பையைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டாள். சுசித்ரா முன்னால் போய் நின்றாள். இறங்கிய பிறகு ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே நடந்தார்கள். வழியில் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி, கொடியிலிருந்து மிளகுக் கொத்துகளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

குப்புசாமி மகளைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழுந்தார்.

“எதுக்கு வந்த? கெழவன் செத்தானா இருக்கானான்னு பார்க்கவா?”

“ஆமா. பார்க்கத்தான் வந்தேன்.”

“பார்த்துட்டியில்ல? போ.”

“போறதுக்கு வரல. அம்மா அள்ளிப் போட்ட எடத்துலயே நின்னு கேக்கத்தான் வந்தேன். உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? மொளகு பெருசாப் போச்சா உங்களுக்கு?”

“பெருசுதான்! உன்ற கண்ணாலத்துக்குப் பட்ட கடனை அடைக்க அந்த மொளகுதான் இருந்துச்சு!”

“எம்மேல போடாதீங்க! எம்மேலதான் ஏற்கெனவே…” கலைமணியின் குரல் உடைந்தது. “அன்னிக்கு அம்மா எனக்குப் போனு…”

சுசித்ரா அங்கேயே திரும்பினாள். களத்தைக் கடந்து, வேலியைத் தாண்டி, வேகமாக நடந்தாள். பின்னால் கிழவர் ஏதோ அலறினார். இன்னும் வார்த்தைகள் விளங்கின. அதனால் இன்னும் தள்ளிப் போனாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் வெறும் சத்தமாக அது தேய்ந்தது. ஏணி மேலிருந்த ஒருவர் குனிந்து கேட்டார்.

“ஏங்கண்ணு, குப்புசாமி ஊட்ல என்ன ரகளை?”

“தெரியலீங்க” என்றாள்.

வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் மேலே போனபோது கலைமணி இல்லை. பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவள் இரண்டு நாள் தங்கினாளாம். இரண்டு நாளும் சண்டையாம். அழுகைச் சத்தமும் கேட்டதாம், யார் அழுதது என்று தெரியவில்லையாம். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாளாம். ஆனால் சாமான் டப்பாக்களையெல்லாம் நிரப்பி வைத்துவிட்டு, மாசி முதல் ஞாயிறு வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளாம்.

குப்புசாமி களத்தில் மிளகுக் கொத்துகளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ற புள்ள சொன்னது உனக்கு முன்னயே தெரியும்.”

“தெரியுமுங்க.”

“டம்ளரை உட்டு எறிஞ்சப்பக்கூடச் சொல்லல.”

அவர் இன்னொரு கூடைக் கொத்தைக் கவிழ்த்தார்.

“அதுக்காக உன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. நீ பண்ணுனது பண்ணுனதுதான். சாகற மட்டும் மறக்கமாட்டேன்.”

“நெனைக்கலீங்க.”

“சர்டிபிகேட்டும் இல்லைன்னுட்டாங்களாமே. அப்பறம் எதுக்கு வார? இங்க உனக்கு என்ன இருக்கு?”

சுசித்ரா யோசித்தாள். மேடையில் என்றால் நல்ல பதிலாக ஒன்று வந்திருக்கும்.

“தெரியலீங்க.”

“தெரியாட்டி வாயை மூடிக்கிட்டு இந்தக் கொத்தை மிதி. நிக்கறதுக்கு அதையாவது செய்யி.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து கொத்துகள் மேல் ஏறினாள். பச்சை மிளகு காம்பிலிருந்து கழன்று பாதத்தின் கீழ் உருண்டது. இரண்டு முறை வழுக்கி, கையை ஊன்றி எழுந்தாள்.

“மாடு மாதிரி மிதிக்காத. நசுங்குது பாரு. குதிங்கால்ல அழுத்தாத.”

“சரிங்க.”

“சரிங்க சரிங்கன்னா ஆச்சா? நகந்து நகந்து மிதி.”

அவள் நகர்ந்து நகர்ந்து மிதித்தாள். மத்தியானம் வரை அவர் திட்டிக்கொண்டே இருந்தார்.